தொலைவிலிருந்து எலும்பு வைத்தியம்

வைத்தியரைத் தேடி நோயாளி செல்வது பழைய வழக்கம். நோயாளியைத் தேடி வைத்தியர் வருவது செல்வர் வீட்டு வழக்கம். இருவரும் தத்தம் இடத்தை விட்டு அசையாமலே, கையகலக் கண்ணாடிச் சதுரம் ஒன்றில் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு காரியத்தை முடித்துக்கொள்வது நமது காலத்து வழக்கம். காய்ச்சல், இருமல், கண் எரிச்சல் முதலியவற்றுக்கு இவ்வழக்கம் வந்தபோது ஜனங்கள் அதிகமாக வியக்கவில்லை. சௌகரியந்தானே என்று ஏற்றுக்கொண்டார்கள். ஆனால், எலும்பு முறிந்த பையனும் மூட்டுத் தேய்ந்த பாட்டியும் அதே சதுரத்தின் முன் வந்து உட்காரும்போது விஷயம் வேறாகி விடுகிறது. எலும்பு வைத்தியம் ஆதி நாள் முதற்கொண்டு கைத்தொழில். தொட்டுப் பார்க்காமல் அத்தொழிலை எவ்வளவு தூரம் நடத்தலாம்? நடத்தியது பிசகிப் போனால் பதில் சொல்ல வேண்டியவர் யார்? இக்கேள்விகளைச் சற்று நிதானமாக ஆராய்வது குடும்பஸ்தர் ஒவ்வொருவருக்கும் பயன் தரும் என்று நம்புகிறோம்.

தூரமும் முறிவும்

திண்டிவனத்தை அடுத்த நமது பிரம்மதேசம் போன்ற ஊர்களில் கை கால் முறிவது அபூர்வமான சம்பவமன்று. பனையேறுபவர் சறுக்குகிறார், பையன் மரத்திலிருந்து விழுகிறான், கிழவி கிணற்றடியில் வழுக்குகிறாள், மோட்டார் சைக்கிள்கள் செய்யும் உபகாரமோ சொல்லி முடியாது. முறிந்த பிறகு முதற் கேள்வி, “எங்கே கொண்டு போவது?” என்பதே. திண்டிவனத்தில் சர்க்கார் ஆஸ்பத்திரி இருக்கிறது. விழுப்புரத்துக்கு அருகில் முண்டியம்பாக்கத்தில் 2010-ஆம் ஆண்டு முதல் அரசு மருத்துவக் கல்லூரி நடக்கிறது. புதுச்சேரியில் ஜிப்மர் இருக்கிறது. அதற்கு மேல் வேண்டுமென்றால், திண்டிவனத்திலிருந்து சுமார் 120 கிலோமீட்டர் தொலைவில் சென்னை.

முறிந்த காலோடு ஒருவரை வண்டியில் ஏற்றி இறக்குவது எவ்வளவு வேதனை என்பதை அநுபவித்தவரே அறிவர். ஒரு முறை போனாலும் போதாது. மாவுக்கட்டுப் போட ஒரு நாள், எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க ஒரு நாள், கட்டைப் பிரிக்க ஒரு நாள், பிறகு பயிற்சிக்குப் பல நாள். ஒவ்வொரு பிரயாணத்திலும் நோயாளிக்கு ஒரு நாள் கூலி போகிறது. துணைக்கு வருபவருக்கும் ஒரு நாள் கூலி போகிறது. ஆகையால், “எக்ஸ்ரே படத்தை அனுப்புங்கள், நான் பார்த்துச் சொல்லுகிறேன்” என்று பட்டணத்து வைத்தியர் ஒருவர் சொல்லும்போது, அது ஏழைக் குடும்பத்துக்கு அமிர்தமாகவே தோன்றும். தொலைவைத்தியத்தின் ஆபத்துக்களைச் சொல்ல வருகிறவர் முதலில் இந்த உண்மையை ஒப்புக்கொண்டுதான் மேலே பேச வேண்டும்.

நமது நாட்டில் இது தொடங்கிய விதமும் அறியத்தக்கது. 2000-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் சித்தூர் ஜில்லாவைச் சேர்ந்த அரகொண்டா என்ற கிராமத்து ஆஸ்பத்திரியைச் சென்னையோடு இணைக்கும் ஏற்பாட்டை, அப்போது இந்தியாவுக்கு வந்திருந்த அமெரிக்க ஜனாதிபதி கிளிண்டன் தொடங்கிவைத்தார். பிறகு இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனம் துணைக்கோள்களின் உதவியால் பல ஆஸ்பத்திரிகளை இணைத்தது. எனினும் இருபது ஆண்டுக் காலம் இது காட்சிப் பொருளாகவே பெரும்பாலும் இருந்தது. 2020-இல் கொரோனா வந்து வீட்டுக் கதவுகளை அடைத்த பிறகே வீடுதோறும் நுழைந்தது. மத்திய சர்க்காரின் ‘இ-சஞ்சீவனி’ என்னும் இலவச ஏற்பாடு அவ்வாண்டு ஏப்ரலில் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. அதை மிகுதியாகப் பயன்படுத்திய ராஜ்யங்களில் தமிழ்நாடும் ஒன்று.

கண்ணுக்குத் தெரியாதது

இனி எலும்பின் விஷயத்துக்கு வருவோம். எலும்பு வைத்தியர் நோயாளியைப் பார்ப்பது கண்ணால் மட்டுமன்று. அழுத்திப் பார்க்கிறார், மடக்கிப் பார்க்கிறார், நாடி துடிக்கிறதா என்று முறிவுக்குக் கீழே விரல் வைத்துப் பார்க்கிறார், விரல் நுனியில் உணர்ச்சி இருக்கிறதா என்று சோதிக்கிறார். இவற்றுள் எதையும் கண்ணாடிச் சதுரம் செய்யாது.

ஓர் உதாரணம் சொல்வோம். கையை ஊன்றி விழுந்தவருக்கு மணிக்கட்டில், கட்டைவிரலின் அடியில், படகு வடிவமான சிற்றெலும்பு ஒன்று விரிசல் காணக் கூடும். முதல் நாள் எக்ஸ்ரேயில் அது பல சமயங்களில் தெரியவே தெரியாது. கட்டைவிரலைப் பின்னுக்கு நீட்டும்போது உண்டாகும் சிறு பள்ளத்தில் வைத்தியர் விரலை வைத்து அழுத்தினால் நோயாளி துடிப்பார். அந்தத் துடிப்புத்தான் அடையாளம். அதைக் கொண்டு கட்டுப் போட்டு, பத்துப் பதினைந்து நாள் கழித்து மறுபடியும் படம் எடுப்பார்கள். கைப்பேசியில் படத்தை மட்டும் பார்த்தவர், “ஒன்றுமில்லை, வெறும் சுளுக்கு” என்று சொல்லிவிட்டால், அந்த எலும்பு ஒட்டாமலே நின்றுவிடலாம்; ரத்த ஓட்டம் இன்றி ஒரு பகுதி மடிந்தும் போகலாம். பிறகு ஆயுள் முழுவதும் மணிக்கட்டு வலிதான்.

இதைவிடப் பயங்கரமானது மற்றொன்று. முறிந்த அங்கம் வீங்கும். வீக்கத்துக்கு இடங்கொடாமல் கட்டு இறுகினாலும், கட்டே இல்லாமல் உள்ளுக்குள் அழுத்தம் ஏறினாலும், தசைக்கு ரத்தம் போகாமல் நின்றுவிடும். சில மணி நேரத்துக்குள் கட்டை அவிழ்க்கவோ, தசையைச் சுற்றிய உறையைக் கீறிவிடவோ தவறினால் தசை செத்துப் போகும். கை கொக்கி போல் வளைந்து உதவாமற் போகும். ஜெர்மானிய ரண வைத்தியர் ரிச்சர்டு வான் வோல்க்மன் 1881-இல் இதைப் பற்றி எழுதினார். அவர் பெயராலேயே இன்றும் இது வழங்குகிறது. முழங்கைக்கு மேலே எலும்பு முறியும் குழந்தைகளுக்கு இவ்வாபத்து அதிகம். முறிவுக்குத் தகாத அளவில் வலி ஏறிக்கொண்டே போவதும், விரலை மெல்ல நிமிர்த்தினாலே குழந்தை அலறுவதும் இதன் முதல் எச்சரிக்கைகள். “மருந்து கொடுத்தும் அழுகை நிற்கவில்லை” என்று தாய் தொலைபேசியில் சொல்லும்போது, அதை வெறும் பிடிவாதம் என்று எண்ணி மற்றொரு மாத்திரையை எழுதிக் கொடுப்பவர் அந்தக் குழந்தையின் கையைப் பணயம் வைக்கிறார்.

நமது பக்கத்து ஊர்களில், ‘புத்தூர்க் கட்டு’ என்று எழுதிய பலகை இல்லாத சாலையே கிடையாது. ஆந்திரத்துப் புத்தூரின் புகழ் எல்லை தாண்டி வந்து நெடுநாளாகிறது. மூங்கில் தப்பை வைத்து, மருந்து பூசி இறுகக் கட்டும் அந்த முறையை நம்பிப் போகிறவர்களை நாம் ஏளனம் செய்ய மாட்டோம். அங்கே தொடுகை இருக்கிறது, காத்திருப்பு இல்லை, செலவும் குறைவு. ஆனால், நாடி பார்க்காமல் இறுக்கிக் கட்டிய கட்டினால் விரல்கள் கறுத்து ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களை எலும்பு வைத்தியர் பலரும் பார்த்திருக்கிறார்கள். தொடுகை மட்டும் இருந்து படிப்பு இல்லாவிட்டால் ஓர் ஆபத்து. படிப்பு மட்டும் இருந்து தொடுகை இல்லாவிட்டால் மற்றோர் ஆபத்து.

எக்ஸ்ரே படத்திலும் சூட்சுமம் உண்டு. ஆஸ்பத்திரியில் படத்தை மூல அளவிலேயே பெரிய திரையில் பார்க்கிறார்கள். நாமோ வெளிச்சத்துக்கு எதிரே படத்தைப் பிடித்து, அதைக் கைப்பேசியில் பிடித்து, வாட்ஸ்அப்பில் அனுப்புகிறோம். வழியிலேயே நுட்பமான கோடுகள் மழுங்கிவிடுகின்றன. முன்புறப் படம், பக்கவாட்டுப் படம் என்று இரண்டு இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுதான் போகிறது. வலது, இடது என்று காட்டும் அடையாளம் சட்டத்துக்கு வெளியே விழுந்துவிடுகிறது.

பாஷையின் சங்கடம் இன்னொன்று. தமிழில் வலி ஒன்றல்ல. குத்தல் வேறு, குடைச்சல் வேறு, கடுப்பு வேறு, எரிச்சல் வேறு. மரத்துப் போவது வேறு, மதமதப்பது வேறு. விண்விண்ணென்று தெறிப்பது வேறு. இடுப்பிலிருந்து கால்வரை ‘சுரீர்’ என்று இழுப்பதாக ஒரு கிழவர் சொன்னால், தமிழறிந்த வைத்தியருக்கு நரம்பு அழுந்துவது பாதி புரிந்துவிடும். வடக்கே எங்கோ இருந்து பார்ப்பவருக்கு இடையில் ஒருவர் மொழிபெயர்த்து, எல்லாவற்றையும் ‘வலி’ என்ற ஒரே சொல்லில் அடக்கிவிட்டால் அந்தப் பாதியும் போய்விடும்.

நியாயஸ்தலம் சொன்னது

எலும்பு முறிவைப் பற்றிய வழக்கு ஒன்று, வைத்தியரின் கடமை என்ன என்பதை நமது நாட்டுக்கு வரையறுத்துக் கொடுத்தது என்பது பலர் அறியாத செய்தி. 1953-ஆம் ஆண்டு மே மாதத்தில், ரத்னகிரி ஜில்லாவில் பால்ஷேட் என்ற கடற்கரைக் கிராமத்தில் ஒரு வாலிபனுக்குத் தொடை எலும்பு முறிந்தது. உள்ளூர் வைத்தியர் மரப்பலகை வைத்துக் கட்டினார். பிறகு நெடுந்தூரம் மோட்டாரில் வைத்துப் புனாவுக்குக் கொண்டு போனார்கள். அங்கே மயக்க மருந்து கொடாமலே பலத்தை உபயோகித்து எலும்பை இழுத்துச் சேர்த்து மாவுக்கட்டுப் போட்டார்கள் என்பது வழக்கு. அன்றிரவே வாலிபன் இறந்தான். லக்ஷ்மண் பாலகிருஷ்ண ஜோஷி வழக்கு என்று சட்டப் புத்தகங்களில் பெயர் பெற்ற இதில் 1968-இல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. நோயாளியிடத்தில் வைத்தியருக்கு மூன்று கடமைகள் உண்டு என்றது: இந்தக் கேஸை ஏற்பதா வேண்டாமா என்று தீர்மானிப்பதில் ஜாக்கிரதை, என்ன சிகிச்சை என்று தீர்மானிப்பதில் ஜாக்கிரதை, அச்சிகிச்சையைச் செய்வதில் ஜாக்கிரதை.

தொலைவைத்தியத்தைக் கனவிலும் காணாத காலத்தில் எழுதிய இம்மூன்றனுள் முதலாவதுதான் இன்று நமக்கு மிகவும் வேண்டியது. ‘இந்த நோயாளியை நான் தூரத்திலிருந்து பார்க்கலாமா?’ என்று தன்னைத்தானே கேட்டுக்கொள்ளாமல் பேச ஆரம்பிக்கும் வைத்தியர், வாய் திறக்கும் முன்னரே முதற் கடமையில் தவறிவிடுகிறார்.

2009-இல் மார்ட்டின் டிசூஸா வழக்கில் சுப்ரீம் கோர்ட், நோயாளியை நேரில் சோதிக்காமல் சாதாரணமாக மருந்து எழுதலாகாது என்றும், மிக அவசரமான சமயங்களில் தவிரத் தொலைபேசியில் மருந்து சொல்லும் பழக்கத்தைக் கைவிட வேண்டும் என்றும் எச்சரித்தது. 2018 ஜூலையில் பம்பாய் ஹைகோர்ட் இன்னும் ஒரு படி சென்றது. பிரசவமான ஒரு ஸ்திரீ பின்னர் நோயுற்று, வைத்தியர் நேரில் இல்லாத நிலையில் தொலைபேசி வழியாகவே சிகிச்சை நடந்து, இறந்து போன சம்பவம் அது. நோய் இன்னதென்று நிர்ணயிக்காமல் மருந்து கொடுப்பது குற்றமான அஜாக்கிரதை என்ற கருத்தில் வைத்தியர்களுக்கு முன்ஜாமீன் மறுக்கப்பட்டது. தேசமெங்கும் வைத்தியர்கள் கலவரமடைந்தார்கள். தொலைபேசியை எடுப்பதா வேண்டாமா என்ற அச்சம் பலருக்கு உண்டாயிற்று.

இந்தக் குழப்பத்துக்கு ஒரு வரம்பு கட்டியது 2020 மார்ச் 25-ஆம் தேதி வெளியான தொலைமருத்துவ நடைமுறை விதிகள். 2002-ஆம் ஆண்டின் வைத்திய ஒழுக்க விதிகளுக்குப் பின்னிணைப்பாக இவை சேர்க்கப்பட்டன. 2023 ஆகஸ்டில் தேசிய மருத்துவ ஆணையம் புதிய ஒழுக்க விதிகளை வெளியிட்டு, அதே மாதத்தில் அவற்றை நிறுத்தியும் வைத்தபடியால், பழைய விதிகளே தொடர்கின்றன.

விதிகளின் சாரம்

பதிவு பெற்ற வைத்தியர் இந்தியாவின் எப்பகுதியிலுமுள்ள நோயாளிக்கும் தொலைவிலிருந்து யோசனை சொல்லலாம். ஆனால், இருவரும் ஒருவரையொருவர் இன்னார் என்று அறிந்திருக்க வேண்டும். பெயரில்லாத வைத்தியமும் கூடாது, பெயரில்லாத நோயாளியும் கூடாது. வீடியோ, குரல், எழுத்து என்ற மூன்றில் எது போதும் என்று தீர்மானிக்கும் உரிமையும் பொறுப்பும் வைத்தியருடையவை. போதாது என்று தோன்றினால், ‘நேரில் வா’ என்று சொல்லி அவர் எந்த நிமிஷத்திலும் நிறுத்திக்கொள்ளலாம். அவசர நிலையில் முதலுதவியைச் சொல்லி, ஆஸ்பத்திரிக்கு அனுப்புவதோடு அவர் வேலை முடிகிறது. நோய் நிர்ணயம் இன்றி மருந்து எழுதுவது ஒழுக்கத் தவறு. தூரத்திலிருந்து இயந்திரக் கரங்களால் செய்யும் ரண சிகிச்சைக்கு இவ்விதிகளில் இடமில்லை. செயற்கை அறிவு இயந்திரம் தானாகவே நோயாளிக்கு யோசனை சொல்லவும் மருந்து எழுதவும் கூடாது. வைத்தியருக்கு உதவியாளாக மட்டும் இருக்கலாம்.

மருந்திலும் வகுப்புப் பிரித்திருக்கிறார்கள். சாதாரண வலி மாத்திரைகளை எந்த முறையில் பேசினாலும் எழுதலாம். வேறு சிலவற்றை வீடியோவில் பார்த்த பிறகே எழுதலாம். இன்னும் சிலவற்றை, முன்பே நேரில் பார்த்த நோயாளிக்கு மட்டும் எழுதலாம். போதை மருந்துச் சட்டத்துக்கு உட்பட்டவை எக்காரணத்தைக் கொண்டும் கூடாது. எலும்பு நோயாளிகளுக்குக் கடும் வலியின்போது கொடுக்கும் ட்ரமடால் என்ற மருந்து 2018 முதல் அந்தச் சட்டத்துக்குள் வந்துவிட்டது. ஆகவே, நள்ளிரவில் வலி தாங்காமல் துடிப்பவருக்கு அதைக் கைப்பேசி வழியாக எழுதிக் கொடு என்று வைத்தியரை நெருக்குவதில் நியாயமில்லை. அவ்வளவு வலி இருந்தால் அவர் இருக்க வேண்டிய இடம் ஆஸ்பத்திரி.

பதில் சொல்ல வேண்டியவர் யார்?

இப்போது சிக்கலான இடத்துக்கு வருகிறோம். திண்டிவனத்து வைத்தியர் ஒருவர், தம்மிடம் வந்த நோயாளியின் படத்தைச் சென்னை நிபுணருக்கு அனுப்பி யோசனை கேட்கிறார். யோசனை தவறாக அமைகிறது. பொறுப்பு யாருடையது? விதி தெளிவாகச் சொல்லுகிறது: யோசனை கேட்டவரே சிகிச்சை செய்யும் வைத்தியர், நோயாளிக்குச் செய்ததற்கெல்லாம் அவரே பொறுப்பாளி. சட்டத்துக்கு இது போதும். தர்மத்துக்குப் போதுமா என்பது வேறு கேள்வி. மங்கிய படத்தைப் பார்த்து, ‘இன்னொரு படம் அனுப்புங்கள்’ என்று கேட்காமல் அவசரமாக அபிப்பிராயம் சொன்ன நிபுணர், சட்டத்தின் வாசலில் நுழையாமல் தப்பலாம். அவருடைய மனச்சாட்சியின் வாசலில் யார் காவல் நிற்பது?

கிராமங்களில் நடப்பது இதைவிடக் கோணலானது. எக்ஸ்ரே எடுப்பவரோ, மருந்துக் கடைக்காரரோ, கட்டுப் போடுபவரோ படத்தைத் தமக்குத் தெரிந்த டாக்டருக்கு அனுப்பி, “பார்த்துவிட்டார், கட்டுப் போட்டால் போதும் என்றார்” என்று சொல்லித் தாமே கட்டிவிட இடமிருக்கிறது. அந்த டாக்டரின் பெயர் நோயாளிக்குத் தெரியாது. நோயாளியின் பெயர் டாக்டருக்குத் தெரியாது. விதிகளில் இடையாளாக இருக்கத் தகுந்தவர் யார் என்று சொல்லியிருக்கிறது: நர்ஸு, கிராம சுகாதார நர்ஸு, முறையாக நியமிக்கப்பட்ட சுகாதார ஊழியர் போன்றோர். அவர்கள் மூலம் பேசும்போதும் நோயாளியின் சம்மதத்தை வெளிப்படையாகப் பெற்றுக் குறித்து வைக்க வேண்டும்.

தவறு நேர்ந்தால் எங்கே முறையிடுவது? கட்டணம் வாங்கிச் செய்யும் வைத்தியம் நுகர்வோர் சட்டத்துக்கு உட்பட்டது என்று 1995-இல் சாந்தா வழக்கில் சுப்ரீம் கோர்ட் முடிவு செய்தது. 2019-ஆம் ஆண்டின் புதிய நுகர்வோர் சட்டத்தில் ஒரு பெரிய உபகாரம் இருக்கிறது: புகார் செய்பவர் தாம் வசிக்கும் ஜில்லாவிலேயே செய்யலாம். வைத்தியர் பம்பாயில் இருந்தாலும் வழக்கு விழுப்புரத்தில் நடக்கும். இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் செய்ய வேண்டும் என்பதை மட்டும் மறக்கலாகாது.

ஆனால், அதே 1995-ஆம் ஆண்டுத் தீர்ப்பில் மற்றொரு பாகம் உண்டு. எல்லோருக்கும் முற்றிலும் இலவசமாகச் செய்யும் வைத்தியம் நுகர்வோர் சட்டத்துக்குள் வராது. அப்படியானால், இலவசத் தொலைவைத்தியத்தை நாடும் கூலிக்காரருக்கு, கட்டணம் கொடுத்துப் பார்த்துக்கொள்ளும் உத்தியோகஸ்தருக்கு உள்ள சுலபமான வழி அடைபட்டு விடுகிறது. அவர் சிவில் கோர்ட்டுக்குப் போகலாம்; மருத்துவ மன்றத்தில் முறையிடலாம்; எல்லாம் நெடிய வழி. தூரத்துக்கு வைத்தியத்தைக் கொண்டு போன நாம், பரிகாரத்தையும் அதே தூரத்துக்குக் கொண்டு போனோமா என்று சட்டம் செய்பவர்கள் யோசிக்க வேண்டும். நமக்கு இது மிகவும் முக்கியமான குறையாகத் தோன்றுகிறது.

குற்ற வழக்கைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2005-இல் ஜேக்கப் மாத்யூ வழக்கில், சாதாரணத் தவறுக்கு வைத்தியரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றலாகாது, மிகப் பெரிய அஜாக்கிரதை இருக்க வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட் சொன்னது. 2024 ஜூலை முதல் அமலிலுள்ள பாரதிய நியாய சம்ஹிதை, அஜாக்கிரதையால் மரணம் விளைந்தால் மற்றவர்களுக்கு ஐந்து ஆண்டு வரை தண்டனை விதிக்கிறது; பதிவு பெற்ற வைத்தியர் சிகிச்சை செய்யும்போது நேர்ந்தால் இரண்டு ஆண்டு வரை. இது நியாயமே. ஒவ்வொரு முறிவிலும் சிறைச்சாலையின் நிழலைக் காணும் வைத்தியர், தூரத்து ஏழைக்கு உதவ முன்வர மாட்டார். பயமும் வேண்டும், அளவோடு வேண்டும்.

மறைவும் மானமும்

இடுப்பு மூட்டு, தொடை, முதுகு இவற்றைச் சோதிக்கும்போது ஆடையை விலக்க வேண்டியிருக்கும். ஆஸ்பத்திரியில் திரை உண்டு. பக்கத்தில் நர்ஸு உண்டு. வீட்டுத் திண்ணையில், பேரன் கைப்பேசியைப் பிடித்திருக்க, அண்டை வீட்டார் எட்டிப் பார்க்க, ஒரு வயதான ஸ்திரீ தன் இடுப்பு வலியைப் பற்றி எப்படிப் பேசுவாள்? அந்தப் பக்கத்தில் டாக்டருடன் வேறு யார் இருக்கிறார்கள் என்பதும் அவளுக்குத் தெரியாது. வெட்கத்தால் அவள் மறைக்கும் ஒரு சொல்லே நோயின் திறவுகோலாக இருக்கக் கூடும். முதுகுத் தண்டின் அடியில் நரம்புக் கற்றை நசுங்கினால் சிறுநீர் கட்டுப்படாமல் போகும், அல்லது இறங்காமல் நிற்கும். அதை உடனே சொன்னால் கால்களைக் காப்பாற்றலாம். சொல்ல இடமில்லாத இடத்தில் வைத்தியம் நடப்பதில்லை.

அந்தரங்கம் ஜனங்களின் அடிப்படை உரிமை என்று 2017-இல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. அந்தரங்கத் தகவல்களைக் காக்க 2023-இல் சட்டமும், 2025 நவம்பரில் அதற்கு விதிகளும் வந்தன. அவை படிப்படியாக அமலுக்கு வரும்படி ஏற்பாடு. ஆனால், பெயர் எழுதிய எக்ஸ்ரே படம் ஊர் வாட்ஸ்அப் குழுவில், “யாராவது நல்ல டாக்டர் இருந்தால் சொல்லுங்கள்” என்று சுற்றிக்கொண்டிருக்கும் வரையில், டில்லியில் செய்த சட்டம் என்ன செய்யும்? முதற் காவல் வீட்டிலேயே வேண்டும்.

எது நன்றாக நடக்கும்?

இவ்வளவும் சொன்னதால் தொலைவைத்தியமே வேண்டாம் என்று முடிவு கட்டிவிடலாகாது. வட நார்வேயில் ட்ரோம்ஸோ நகரப் பல்கலைக்கழக ஆஸ்பத்திரி எலும்பு வைத்தியர்கள், தூரத்து ஊர் நோயாளிகளை வீடியோவில் பார்ப்பதும் நேரில் பார்ப்பதும் ஒன்றாகுமா என்று 389 நோயாளிகளை வைத்து ஆராய்ந்தார்கள். வீடியோ வைத்தியம் தாழ்ந்து விடவில்லை என்று கண்டார்கள். ஆனால், அங்கே நோயாளி தம் வீட்டில் உட்கார்ந்திருக்கவில்லை. ஊர் மருத்துவ நிலையத்தில், பயிற்சி பெற்ற நர்ஸின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். எக்ஸ்ரே அங்கேயே எடுக்கப்பட்டது. நிபுணரின் கண் தூரத்தில். தொடும் கை பக்கத்தில். ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரிலும் 2011 முதல், அவசரப் பிரிவில் நேரில் பார்த்துப் படமெடுத்து முதலுதவி செய்த பிறகே, எளிய முறிவுகளை நிபுணர் தூரத்திலிருந்து பரிசீலிக்கும் ஏற்பாடு நடந்து வருகிறது.

இவற்றிலிருந்து நாம் கற்கும் பாடம் தெளிவானது. முதல் தடவை நேரில். பின் தொடர்ச்சி தூரத்தில். ஆபரேஷனான காயம் ஆறுகிறதா என்று பார்க்கலாம். மாற்று மூட்டு வைத்தவர் எவ்வளவு மடக்குகிறார் என்று பார்க்கலாம். பயிற்சிகளைச் சொல்லிக் கொடுக்கலாம். மறுபடி எடுத்த படத்தைப் பழைய படத்தோடு ஒப்பிடலாம். இவற்றுக்காக ஒரு முதியவர் சென்னைக்குப் போய் வரத் தேவையில்லை.

நமது ராஜ்யத்தில் இதற்கு அடிப்படை ஏற்கெனவே இருக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இயன்முறை மருத்துவர்கள் வீட்டுக்கே வருகிறார்கள். அதே ஆண்டு டிசம்பரில், நமக்கு அருகிலுள்ள மேல்மருவத்தூரில், விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரம் இலவசச் சிகிச்சை அளிக்கும் திட்டம் தொடங்கியது. வீட்டுக்கு வரும் அந்த இயன்முறை மருத்துவரின் கையையும் முண்டியம்பாக்கத்து நிபுணரின் கண்ணையும் முறையாக இணைத்துவிட்டால், நார்வே செய்த காரியத்தை விழுப்புரம் ஜில்லா ஏன் செய்யக் கூடாது?

வீட்டார் செய்ய வேண்டுவது

குடும்பஸ்தர்களுக்குச் சில யோசனைகள். எலும்பு வெளியே தெரியும் முறிவு, விரல் குளிர்ந்து வெளுப்பது அல்லது நீலம் பாய்வது, மரத்துப் போவது, அடங்காமல் ஏறும் வலி, காய்ச்சலோடு மூட்டு வீங்குவது, முதுகு வலியோடு கால் வலுவிழப்பது அல்லது சிறுநீர் தடைப்படுவது: இவற்றுக்குக் கைப்பேசியில் டாக்டரைத் தேடாதீர்கள்; 108-ஐக் கூப்பிடுங்கள்.

மற்றவற்றுக்குத் தொலைவைத்தியத்தை நாடும்போது, வைத்தியரின் பெயரையும் பதிவு எண்ணையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். கேட்பது அவமரியாதை ஆகாது. அதைக் காட்டுவது அவர் கடமை. எக்ஸ்ரேயின் இரண்டு படங்களையும், பெயர், தேதி, வலது இடது அடையாளத்தோடு அனுப்புங்கள். கூடுமானால் எக்ஸ்ரே நிலையத்திலேயே மூலப் பிரதியைக் கேட்டு வாங்கி அனுப்புங்கள். வைத்தியர் எழுதிக் கொடுத்த சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். ஆஸ்பத்திரியில் தங்கிச் சிகிச்சை பெற்றவர் கேட்டால், 72 மணி நேரத்துக்குள் வைத்தியக் குறிப்புகளைக் கொடுக்க வேண்டும் என்பது விதி. எல்லாவற்றுக்கும் மேலாக, “நேரில் வாருங்கள்” என்று சொல்லும் டாக்டரைப் பணம் பறிப்பவர் என்று நினையாதீர்கள். பல சமயங்களில் அவர் செய்யக் கூடிய மிகச் சிறந்த வைத்தியம் அந்த இரண்டு சொற்களே.

விஞ்ஞானம் தூரத்தைக் குறைத்துவிட்டது, பொறுப்பைக் குறைக்கவில்லை. முன்பு ஒரே அறைக்குள் இருந்த பொறுப்பு இப்போது நிபுணர், ஊர் வைத்தியர், நர்ஸு, வீட்டார், சர்க்கார் என்று பலரிடம் பகிர்ந்து கிடக்கிறது. அவரவர் பங்கை அவரவர் சுமந்தால் முறிந்த எலும்பு நேராகக் கூடும். ஒருவர் நழுவவிட்டாலும் அந்தப் பாரம் முழுவதும் நோயாளியின் அந்தக் கையின்மீதோ காலின்மீதோதான் விழும். முறிந்த எலும்பு அதைத் தாங்காது.